அத்தியாயம் 6: ஓட்டுநர் கண்ணில் படுங்கள்

பாதயாத்திரை பாதிக்கு மேல் இரவில்தான் நடக்கிறது. தைப்பூசத்துக்குப் பழநி போகிறவர்கள், ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக்குக் கிளம்புகிறவர்கள், திருச்செந்தூருக்கும் சமயபுரத்துக்கும் நடக்கிறவர்கள் எல்லோருக்கும் பழக்கம் ஒன்றுதான். வெயில் தாழ்ந்த பிறகு கிளம்பி நடுராத்திரி வரை நடப்பது, எங்காவது மண்டபத்தில் கண்ணயர்ந்து விட்டு, கோழி கூவுமுன் மறுபடி கிளம்பிவிடுவது. முந்தைய அத்தியாயத்தில் பார்த்த கொப்புளத்துக்கும் நாவறட்சிக்கும் இது நல்ல வழி. ஆனால் சாலையில் கால்வைப்பவருக்கு இதைவிட மோசமான நேரம் கிடையாது. 2022இல் இந்தியச் சாலைகளில் உயிரிழந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்துபோனவர்கள். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு இது.

நடப்பவர் மனதில் ஒரு தவறான தைரியம் இருக்கிறது. லாரி விளக்கு அரைக் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தே நம் மேல் விழுகிறது. கண் கூசுகிறது. இத்தனை வெளிச்சத்தில் ஓட்டுநருக்கு நாம் தெரியாமலா போவோம் என்று தோன்றும். தெரியாது. விளக்கைப் பார்ப்பவர் நாம். ஓட்டுநர் பார்ப்பது அந்த விளக்கு நம் சட்டையில் பட்டுத் திரும்பும் மிச்சத்தை. கறுப்புத் துணியில் அந்த மிச்சம் அநேகமாக ஒன்றுமே இல்லை.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கிறது. எதிரே ஏதோ இருக்கிறது, அது ஆள்தான் என்று மூளைக்கு எட்டி, கால் பிரேக்குக்குப் போக இரண்டு நொடி. அதற்குள் 44 மீட்டர் போய்விடும். பிரேக் பிடித்து, ஈரமில்லாத நல்ல சாலையில் நிற்க இன்னும் 35 மீட்டராவது வேண்டும். ஆகமொத்தம் ஏறக்குறைய 80 மீட்டர். தாழ்விளக்கில் வரும் காருக்கு இருண்ட உடை அணிந்தவர் 50 மீட்டருக்குள் வந்த பிறகுதான் தெரிவார், பல நேரம் அதற்கும் கிட்டத்தில். மீதி 30 மீட்டரை ஓட்டுநரின் திறமை கொடுக்காது. நீங்கள்தான் கொடுக்க வேண்டும். இந்த அத்தியாயம் முழுக்க அந்த 30 மீட்டரைப் பற்றியதுதான்.

உடை நிறத்தில் நமக்கு அதிகச் சுதந்திரம் இல்லை. பழநிக்குப் பச்சையோ காவியோ, வேளாங்கண்ணிக்குக் காவி, மேல்மருவத்தூருக்குச் சிவப்பு, ஐயப்பனுக்குக் கறுப்பு அல்லது நீலம். விரத உடையை மாற்றிக்கொள்ளச் சொல்ல இந்த நூல் வரவில்லை. ஒன்றை மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: பகலில் கண்ணைப் பறிக்கும் சிவப்பு, வெளிச்சம் மங்கும்போது மற்ற நிறங்களுக்கு முன்பாகக் கறுத்துவிடும். மாலை ஆறு மணிக்கு மேல் செவ்வாடையும் கறுப்பு வேட்டியும் ஓட்டுநருக்கு ஒன்றுதான். வெள்ளை வேட்டி கொஞ்சம் மேல். ஆனால் அதை மட்டும் நம்பி நெடுஞ்சாலையில் இறங்க முடியாது.

கடையில் கேட்கும்போது

“ரேடியம்” என்று கேட்டால் மூன்று வெவ்வேறு பொருளைக் கடைக்காரர் எடுத்துப் போடுவார். பளீரென்ற பச்சை மஞ்சள், ஆரஞ்சுத் துணி முதல் வகை. அது வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிரை வாங்கிப் பளபளக்கிறது. பகலிலும் அந்தி நேரத்திலும் அருமை, இருட்டிய பிறகு வெறும் துணி. இரண்டாவது, விளக்கை அணைத்ததும் தானாகப் பச்சையாக மினுங்கும் ஸ்டிக்கர். படுக்கையறைக் கூரையில் நட்சத்திரம் ஒட்ட ஆகும், சாலைக்கு ஆகாது. மூன்றாவதுதான் நமக்கு வேண்டியது: சாம்பல் நிறத்தில் அழுது வடியும் பட்டை, விளக்குப் பட்டதும் வெள்ளையாக எரியும். அதன் மேல் பொடிக் கண்ணாடி மணிகளோ, நுண்ணிய முப்பட்டகங்களோ பதித்திருப்பார்கள். வரும் ஒளியை அவை நாலாபக்கமும் சிதறவிடாமல், வந்த திசைக்கே திருப்பி அனுப்புகின்றன. ஓட்டுநரின் கண் அவர் வண்டி விளக்குக்குச் சற்று மேலே இருப்பதால் ஒளி நேராக அவரிடமே போய்ச் சேருகிறது. காவல் துறையினர் யாத்திரைப் பாதைகளில் பையின் மேல் ஒட்டிவிடும் ஸ்டிக்கரும் இந்த வகைதான்.

வாங்குமுன் சோதிக்க எளிய வழி இருக்கிறது. பட்டையை எட்டு பத்தடி தள்ளி வைத்து, செல்போன் டார்ச்சை உங்கள் நெற்றிப்பொட்டை ஒட்டிப் பிடித்து அடியுங்கள். நல்ல பட்டையானால் முகத்தில் அறைவதுபோல் எரியும். டார்ச்சைக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்தால் அதே பட்டை அணைந்து போகும். இரண்டும் நடந்தால் சரக்கு சரியானது. எங்கே பிடித்தாலும் ஒரே மாதிரி மந்தமாகத் தெரிந்தால் அது வெறும் வெள்ளிப் பூச்சு. விலை குறைவென்று எடுத்துவிடாதீர்கள். மேல்சட்டை வாங்குவதானால் உள்பக்கச் சீட்டில் ஐஎஸ் 15809 அல்லது ஐஎஸ்ஓ 20471 என்ற தர எண் இருக்கிறதா என்று பாருங்கள். எத்தனை முறை துவைக்கலாம் என்பதும் அந்தச் சீட்டில் இருக்கும். பட்டையின் மேல் இஸ்திரிப் பெட்டியை வைக்காதீர்கள். செம்மண் படிந்தால் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். புழுதி மூடிய பட்டை இல்லாத பட்டைக்குச் சமம்.

எங்கே கட்டுவது

பெரும்பாலானவர்கள் ஒரு பளபளப்பு மேல்சட்டையை மாட்டிக்கொண்டு கடமை முடிந்தது என்று நினைக்கிறார்கள். மேல்சட்டை கெட்டதல்ல. ஆனால் நடப்பவரின் மார்பு அசைவதில்லை. தூரத்து ஓட்டுநருக்கு அது ஒரு வெள்ளைக் கோடு, அவ்வளவுதான்: மைல்கல்லாக இருக்கலாம், சாலையோரத் தடுப்பாக இருக்கலாம், நின்றுபோன வண்டியாகவும் இருக்கலாம்.

சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் குன்னர் யோஹான்சன் என்ற உளவியலாளர் 1973இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. முழு இருட்டில் ஒருவரின் மூட்டுகளில் மட்டும் சிறு ஒளிப்புள்ளிகளை வைத்துப் படம் பிடித்தார். ஆள் அசையாமல் இருந்தபோது பார்த்தவர்களுக்கு அர்த்தமில்லாத புள்ளிகள் தெரிந்தன. அவர் நடக்கத் தொடங்கியதும், ஒரு நொடிகூட ஆகாமல், மனிதர் நடக்கிறார் என்று சொல்லிவிட்டார்கள். பின்னாளில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ஜோன் வுட்டும் அமெரிக்காவின் ரிச்சர்ட் டைரலும் சேர்ந்து, போக்குவரத்து இல்லாத தனிச் சாலையில், உண்மையான கார், உண்மையான ஓட்டுநர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். அதே அளவு பட்டையை மார்பில் கட்டியவரைவிட, கணுக்கால், முழங்கால், மணிக்கட்டு, முழங்கை என்று பிரித்துக் கட்டியவரை ஓட்டுநர்கள் வெகு தூரத்திலேயே மனிதர் என்று கண்டுகொண்டார்கள்.

ஆகவே வாங்கும் வரிசையைத் தலைகீழாக மாற்றுங்கள். முதலில் கணுக்காலுக்கு இரண்டு பட்டை. பிறகு மணிக்கட்டுக்கு இரண்டு. கையில் காசு மிஞ்சினால் மேல்சட்டை. கணுக்காலுக்கு இன்னொரு அனுகூலமும் இருக்கிறது: தாழ்விளக்கு சாலையைத்தான் பார்க்கிறது. மார்பு உயரத்துக்கு முன்பே கால் உயரத்தில் வெளிச்சம் வந்துவிடும்.

இங்கே நம் ஊர்ச் சிக்கல்கள் சில உண்டு. காலணியின் குதிகாலிலேயே பளபளப்புப் பட்டை வைத்துத் தைத்து விற்கிறார்கள். வெறுங்காலில் நடப்பவருக்கு அதனால் என்ன பயன்? பட்டையைத் தனியாகத்தான் கட்ட வேண்டும். ரப்பர் போல் இழுத்து மாட்டும் வளையம் வேண்டாம், ஒட்டிப் பிரிக்கும் வெல்க்ரோ வகையே நல்லது. காலையில் சரியாக இருந்த வளையம் ராத்திரிக்குள் வீங்கிய காலை இறுக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் கால் மரத்திருந்தால் அந்த இறுக்கம் தெரியவும் தெரியாது. இரண்டு விரல் நுழையும் தளர்வு விட்டு, உட்காரும் இடத்திலெல்லாம் கழற்றிப் பாருங்கள்.

வேட்டியை மடித்துக் கட்டிய ஆணுக்குக் கணுக்கால் வெளியே தெரியும். புடவை கட்டிய பெண்ணுக்குத் தெரியாது. அவர்கள் புடவையின் கீழ்க்கரையிலேயே பட்டையைச் சுற்றிலும் ஓட்டுத்தையல் போட்டுக்கொள்ளலாம். யாத்திரை முடிந்ததும் பிரித்துவிடலாம். நடக்க நடக்கக் கரை முன்னும் பின்னும் ஆடுவதே அசைவைக் காட்டிக் கொடுக்கும். இடுப்பிலிருந்து நூலில் தொங்கவிடும் சிறு பிரதிபலிப்பான் வில்லையும் நல்ல யோசனைதான். அதற்குப் பிறப்பிடம் பின்லாந்து. ஆர்வி லெஹ்தி என்பவர் குதிரை வண்டிகளைக் கார்களிடமிருந்து காக்கச் செய்தது, 1960களில் மனிதர்களின் பைக்கு வந்தது. குளிர்காலத்தில் பகலே சுருங்கிப்போகும் அந்த நாட்டில், இருட்டில் நடப்பவர் பிரதிபலிப்பான் அணிய வேண்டும் என்று போக்குவரத்துச் சட்டமே சொல்கிறது. சட்டைப் பையில் ஊக்கு, அதிலிருந்து நூல், முழங்கால் உயரத்தில் வில்லை. ஊக்கும் நூலும் நம் வீட்டிலும் இருக்கின்றன.

முதுகுப்பையை மறந்துவிடாதீர்கள். மேல்சட்டையின் பின்பக்கம் எவ்வளவு பளபளத்தாலும் பை அதை மூடிவிடும். பட்டையைப் பையின் மேல் ஒட்டுங்கள்.

எரியும் விளக்கு எப்போது வேண்டும்

பட்டை பிறர் வெளிச்சத்தில் வாழ்வது. விளக்கில்லாத சைக்கிளும், முன்விளக்கு அவிந்த டிராக்டரும் வந்தால் அது ஊமை. 2017 ஏப்ரலுக்குப் பிறகு விற்பனைக்கு வந்த இருசக்கர வாகனங்களில் முன்விளக்கு தானாகவே எரிகிறது என்பது ஓரளவு ஆறுதல். பழைய வண்டிகள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. வளைவுகளில் வண்டி விளக்கு நம் மேல் விழுவதற்குள் வண்டியே வந்துவிடும். தை மாதப் பனி இன்னொரு பகை. பட்டைக்குப் போகும் ஒளியும் திரும்பும் ஒளியுமாக இரண்டு முறை பனியைக் கடக்க வேண்டும். உங்கள் கையில் எரியும் விளக்குக்கு ஒரு முறை கடந்தால் போதும். எனவே பட்டையோடு ஒரு விளக்கும் வேண்டும்.

நாம் பார்க்க ஒரு விளக்கு, பிறர் நம்மைப் பார்க்க ஒரு விளக்கு என்று இரண்டையும் பிரித்துக்கொள்ளுங்கள். டார்ச்சும் நெற்றிவிளக்கும் பள்ளத்தைக் காட்டும். பின்னால் வருபவருக்கு அவை தெரியாது. செல்போன் டார்ச்சை ஏந்திக்கொண்டு நடப்பவர் தன் பாதத்துக்கு மட்டும் வெளிச்சம் போட்டுக்கொள்கிறார், விடிவதற்குள் போனும் செத்துவிடும். நெற்றிவிளக்கை மாட்டினால் தரையைப் பார்த்துத் தாழ்த்தி வையுங்கள். நிமிர்ந்த நெற்றிவிளக்கு எதிரே வரும் ஓட்டுநரைக் குருடாக்கும், திரும்பிப் பேசினால் கூட வருபவரையும்.

பிறர் பார்க்கும் விளக்குக்குக் கிளிப் வைத்த சிறு எல்இடி போதும். பின்பக்கம் சிவப்பு, முன்பக்கம் வெள்ளை. ஓட்டுநருக்குப் பழகிய பாஷை அது. சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னுவதை வாங்காதீர்கள், போலீஸ் வண்டி என்ற குழப்பம் வரும். மின்னும் விளக்கு கவனத்தை இழுக்கும், ஆனால் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணிக்க விடாது. நின்று எரிவது தூரத்தைச் சொல்லும். குழுவாகப் போகும்போது ஒருவர் மின்னவிட்டு, மற்றவர் நிலையாக எரியவிடுவது நல்லது. மழைக்காலத்தில் நடக்கும் வேளாங்கண்ணிக்காரர்கள் பெட்டியில் ஐபிஎக்ஸ் 4க்குக் குறையாத எண் பார்த்து வாங்க வேண்டும். அது தூறலும் சாரலும் தாங்கும். ஐபி 67 என்றிருந்தால் குட்டையில் விழுந்தாலும் எடுத்து மாட்டிக்கொள்ளலாம்.

திருவிழாக் கடைகளில் மடக்கி ஒடித்தால் ஒளிரும் குச்சி விற்கும். இரண்டு திரவங்கள் உள்ளே கலந்து சில மணி நேரம் மினுங்கும் வேதிப் பொருள் அது. பிள்ளைகள் கூட்டத்தில் தொலையாமல் இருக்க உதவும். கார் விளக்குக்கு முன்னால் அதன் ஒளி ஒன்றுமே இல்லை.

பட்டன் செல் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். சிஆர் 2032 போன்ற வட்ட பேட்டரியைக் குழந்தை விழுங்கினால், அது உணவுக்குழாயில் சிக்கி இரண்டே மணி நேரத்தில் புண்ணாக்கிவிடும். பேட்டரி மூடி திருகாணியால் பூட்டியிருக்கும் விளக்கை மட்டும் வாங்குங்கள். விழுங்கிவிட்டது என்ற சந்தேகம் வந்தாலே 108ஐ அழையுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஒரு வயது தாண்டிய குழந்தையானால் போகிற வழியில் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு தேக்கரண்டி தேன் கொடுக்கலாம். தேன் தேடிக்கொண்டு மட்டும் நிற்காதீர்கள்.

வரிசையும் ஓரமும்

நம் சாலையில் வண்டிகள் இடப்பக்கம் போகின்றன. நடப்பவர் வலப்பக்கம், எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடக்க வேண்டும். யாத்திரைக் குழுக்களில் பாதி இதற்கு நேர்மாறாக, வண்டிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போகின்றன. பழநிச் சாலையில் உள்ளதுபோல நடப்பவர்களுக்கென்று தனிப் பாதை இருந்தாலோ, காவலர்கள் ஓர் ஓரத்தை ஒதுக்கியிருந்தாலோ அதில் போங்கள். மற்ற இடங்களில் வலப்பக்கம்தான்.

குருசாமிகள் கவனிக்க வேண்டியது கடைசி ஆளை. தலைமையில் போகிறவரிடம் கொடியும் விளக்கும் இருக்கும். கால் வலித்துப் பின்தங்கியவரிடம் எதுவும் இருக்காது. விபத்து நேருவது அவருக்குத்தான். வரிசையின் முடிவில் நன்றாக நடக்கக்கூடிய ஒருவரை வைத்து, அவர் முதுகில் சிவப்பு விளக்கை மாட்டி, அவருக்குப் பின்னால் யாரும் போகக்கூடாது என்று கட்டளையிடுங்கள். சாலையைக் கடக்கும்போது இரு திசையிலும் வண்டி விளக்குகள் தெரிந்தால் நின்றுவிடுங்கள். எதிரெதிர் விளக்குகளின் கூச்சத்துக்கு நடுவில் நிற்பவரை இரண்டு ஓட்டுநர்களுமே பார்க்க முடியாது.

கூடவே வரும் உயிர்கள்

எந்தக் குழுவோடும் ஒரு நாய் சேர்ந்துகொள்ளும். அதன் கண் இருட்டில் பச்சையாக ஒளிர்வதைப் பார்த்து, அதற்கு விளக்கு தேவையில்லை என்று விட்டுவிடுகிறோம். விழித்திரைக்குப் பின்னால் உள்ள பளபளப்புப் படலம் ஒளியைத் திருப்புவதால் வரும் மினுக்கம் அது. நாய் விளக்கை நேராகப் பார்த்தால் மட்டுமே தெரியும். சாலையைக் குறுக்கே கடக்கும் நாய் முகத்தைத் திருப்பிக் காட்டுவதில்லை.

கோம்பை, சிப்பிப்பாறை, தெருநாய் எல்லாம் குட்டை முடி. கழுத்துப் பட்டை நன்றாகத் தெரியும். சடை முடி நாய்க்குக் கழுத்துப்பட்டை முடிக்குள் மறைந்துவிடும், மார்பைச் சுற்றிக் கட்டும் வார்தான் சரி. நாயைக் கயிற்றில் பிடித்து நடப்பவர் கயிற்றுக்கும் பட்டை ஒட்ட வேண்டும். மனிதரையும் நாயையும் பார்த்து நடுவே புகுந்து போக நினைக்கும் சைக்கிள்காரருக்குக் கயிறு தெரியாது. பூனைக்கு, இழுத்தால் தானாகக் கழன்றுவிடும் பட்டை மட்டும். கிளையில் மாட்டினால் சாதாரணப் பட்டை தூக்குக் கயிறாகிவிடும். தெருநாய்களுக்குப் பட்டை மாட்டும் நல்ல மனதுக்காரர்கள் குட்டிகளை விட்டுவிடுங்கள். வளரும் கழுத்தில் மாறாத பட்டை சதைக்குள் இறங்கிவிடும். பட்டன் செல் விளக்கை எந்த விலங்கும் கடிக்கும் தூரத்தில் வைக்கக் கூடாது.

மாட்டு வண்டி கட்டிப் போகும் குழுக்கள் வண்டியின் பின்சட்டத்தில் இரு முனையிலும் சிவப்புப் பட்டை ஒட்டுவதோடு நிற்காமல், மாட்டின் கொம்பையும் பார்க்க வேண்டும். மாட்டுப் பொங்கலுக்கு அடித்த வண்ணம் தைப்பூசத்தின் போதும் புதிதாக இருக்கும். அது நன்றாகக் காய்ந்த பிறகு, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு, கொம்பைச் சுற்றி இரண்டு விரல் அகலப் பட்டை ஒட்டினால் நிற்கும். ஈர வண்ணத்தின் மேல் ஒட்டினால் முதல் பனியிலேயே உரிந்துவிடும். பின்லாந்துக்காரர்கள் 2014இல் கலைமான் கொம்புகளுக்கே ஒளி திருப்பும் வண்ணம் பூசிப் பார்த்தார்கள். நமக்கு அவ்வளவு செலவு வேண்டாம். ஆட்டுக் கிடை ஓட்டும் கீதாரிகள் மந்தை முழுவதற்கும் பட்டை கட்ட முடியாது. முன்னே போகும் கிடாய்க்குக் கழுத்துப் பட்டையும், மந்தையின் பின்னே வருபவர் கையில் சிவப்பு விளக்கும் இருந்தால், மந்தை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று ஓட்டுநருக்குப் புரியும்.

கடைசியாக, யாத்திரை போகாமல் வழியில் பந்தல் போட்டு உபயம் செய்கிறவர்களுக்கு. பழநிச் சாலையில் சாப்பாட்டுக்குப் பஞ்சமே இல்லை. பாதி பொட்டலங்கள் பிரிக்காமலே ஓரத்தில் கிடக்கின்றன. அடுத்த தைக்கு அந்தச் செலவில் ஒரு பங்கைக் கணுக்கால் பட்டைகளுக்கு ஒதுக்குங்கள். தண்ணீர் கொடுக்கும்போதே ஆளுக்கு இரண்டாகக் கட்டிவிடுங்கள், குழுவில் பின்தங்கி வருகிறவர்களுக்கு முதலில்.